கல்லில் பெயர் வெட்டாத டாக்டர்
ரத்தப் புற்றுநோய்க்கு முதல் மருந்து தந்த சுப்பாராவின் கதை

விழுப்புரத்தில் இருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. சிறிய ஊர்தான். ஆனால் சரித்திரத்தில் அதற்குப் பெரிய இடம் உண்டு. அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் ஆக்கி இருக்கிறார்கள். வாசலின் இரு புறமும் துவாரபாலகர்கள் காவல் நிற்கிறார்கள்.

அந்தக் கோயிலை அமைத்தவன் மகேந்திரவர்ம பல்லவன். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மன்னன். அவனுக்கு முன்பு கோயில் என்றால் செங்கல் வேண்டும், மரம் வேண்டும், உலோகம் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும். இவை எதுவுமே இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எழுப்பியதாக அவன் கல்லிலேயே எழுதி வைத்தான். தன் பட்டப் பெயரான விசித்திர சித்தன் என்பதையும் வெட்டி வைத்தான். அந்தப் பெயர் இன்றும் அழியவில்லை.

அதே மண்டகப்பட்டில் ஒரு பெண் கருவுற்றால், நர்சு அம்மா மாத்திரை கொடுப்பார். இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அது. தாய்க்கு ரத்தம் ஊறவும் பிள்ளை குறையில்லாமல் பிறக்கவும் அதைக் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் குழந்தை ஒன்றுக்கு ரத்தப் புற்றுநோய் கண்டால், பெற்றோர் புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட் என்று ஒன்று இருக்கும்.

ஒன்று ரத்தத்தை வளர்க்கும் மருந்து. மற்றது கெட்ட ரத்த அணுக்களை ஒடுக்கும் மருந்து. ஒன்றுக்கு ஒன்று பகை. ஆனால் இரண்டும் ஒரே மனிதரின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்து வந்தவை. அவர் சென்னைத் திருவல்லிக்கேணியில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

அந்தப் பெயர் எந்த மாத்திரையிலும் பொறிக்கப்படவில்லை.

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் கோதாவரிச் சீமையில் உள்ள பீமவரம். அப்போது அது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. தந்தை ஜகந்நாதம். தாயார் வெங்கம்மா. தந்தைக்கு உடல்நலம் கெட்டதால் வேலையை விட்டு நின்றார். பிள்ளைகள் ஏழு பேர். குடும்பத்தில் வறுமை புகுந்தது.

சுப்பாராவுக்குச் சிறு வயதில் படிப்பில் நாட்டம் இல்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணமே இருந்தது. 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகிவிடலாம் என்பது அவர் கணக்கு. வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

தாயார் விடவில்லை. மகன் படித்தே ஆக வேண்டும் என்று உறுதியாக நின்றார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் சுப்பாராவ் இரண்டு முறை தவறினார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் முறை தேறினார். பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் மனம் துறவறத்தின் பக்கம் திரும்பியது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சன்னியாசி ஆக விரும்பினார். தாயாரின் சம்மதம் இல்லாமல் சேர்க்க முடியாது என்று மடத்தில் சொல்லிவிட்டார்கள். வெங்கம்மாள் சம்மதிக்கவில்லை. காவி உடுத்த முடியாவிட்டால் வைத்தியம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்று சுப்பாராவ் தேற்றிக்கொண்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் உடுத்தியதால் வந்த வினை

படிப்புக்குப் பணம்? நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்ற பெரியவரும் உதவினார். பின்னர் 1919-ல் அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் மணந்துகொண்டார்.

அது காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். அன்னியத் துணியைப் புறக்கணிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். சுப்பாராவ் கதர் உடுத்தினார். அறுவை சிகிச்சை அறையிலும் கதர் அங்கியோடு நின்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அரசாங்க மருத்துவத் துறையில் இடம் கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி சென்னையில் நடத்திவந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகச் சேர்ந்தார்.

இதற்கிடையில் வீட்டில் இடி விழுந்தது. சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்துச் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். இருவரையும் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்னும் நோய். நாட்டு வைத்தியர்கள் கிரகணி என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது அது. உண்ட சோறு உடலில் ஒட்டாது. பேதி நிற்காது. ரத்தம் வற்றும். ஆள் எலும்பும் தோலும் ஆகி மடிவார். அந்நாளில் அதற்கு மருந்து இல்லை.

வைத்தியம் படித்தவர் கண் எதிரே உடன்பிறந்தவர்கள் போனார்கள். இந்த நோய்களுக்கு மருந்து காண்பதே தன் வேலை என்று சுப்பாராவ் முடிவு செய்தார்.

அமெரிக்காவில் இரவு வேலை

காகிநாடாவில் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமம் என்று ஓர் அறக்கட்டளை உண்டு. அது கைகொடுத்தது. மாமனாரும் உதவினார். 1922 அக்டோபரில் சுப்பாராவ் அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரில் இறங்கினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்கள் பற்றிய படிப்பில் சேர்ந்தார்.

அவருடைய இந்தியப் பட்டத்தை வைத்து அங்கே டாக்டர் வேலை பார்க்க முடியாது. சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே! ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். நோயாளிகளின் மலப் பாத்திரங்களைக் கழுவி வைப்பது அந்த வேலையில் ஒன்று. பகலில் ஹார்வர்டு. இரவில் ஆஸ்பத்திரி. இப்படியே காலம் போயிற்று.

ஊரில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை இருந்தது. அவர் அமெரிக்காவில் இருந்தபோதே அந்தக் குழந்தை நோய் கண்டு இறந்துபோயிற்று. செய்தி கடல் கடந்து போய்ச் சேர்ந்தது. அவர் திரும்பவில்லை.

ஹார்வர்டில் பேராசிரியர் பிஸ்கேயுடன் சேர்ந்து சுப்பாராவ் ஆராய்ச்சி செய்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறை கண்டார்கள். 1925-ல் வெளியான அந்த முறை, இருவர் பெயராலும் உலகெங்கும் சோதனைச் சாலைகளில் வழங்கியது. பிறகு, தசை வேலை செய்யத் தேவையான சக்தி எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்னும் பொருளை அறிவித்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டார். நாம் கை அசைப்பதும் கண் சிமிட்டுவதும் அந்தப் பொருளின் சக்தியால்தான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க்கை அடுத்த பேர்ல் ரிவர் என்ற ஊரில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அங்கே ஆராய்ச்சித் தலைவர் ஆனார். இப்போது அவர் கீழ் நிபுணர் படை ஒன்று இருந்தது. பழைய பகையான ஸ்ப்ரூவை மீண்டும் கையில் எடுத்தார்.

கீரையில் ஒளிந்திருந்த சத்து

ஸ்ப்ரூ நோயாளிக்கு ரத்தம் ஏன் வற்றுகிறது? ஏதோ ஒரு சத்து குறைகிறது என்பது தெரியும். அது எது?

இதற்கு முதல் தடயம் நம் நாட்டில்தான் கிடைத்தது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்கள் ரத்தசோகையால் வெளுத்துப்போய் இறந்தார்கள். ஈஸ்ட்டில் இருந்து எடுத்த சாரத்தைக் கொடுத்தார் வில்ஸ். பெண்கள் பிழைத்தார்கள். சாரத்தில் இருந்த சத்து என்ன என்று மட்டும் தெரியவில்லை.

1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் விஞ்ஞானிகள் நான்கு டன் கீரையைக் காய்ச்சி வடித்து அந்தச் சத்தைத் துளி அளவு பிரித்தார்கள். இலையில் இருந்து கிடைத்ததால் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் மொழியில் போலியம் என்றால் இலை.

ஒரு துளிக்கு நான்கு டன் கீரை என்றால் ஏழை நோயாளிக்கு எப்படிக் கட்டும்? சுப்பாராவின் குழுவினர் அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, 1945-ல் ஆராய்ச்சிக் கூடத்திலேயே அதைத் தயாரித்துக் காட்டினார்கள். அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆயிற்று. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு மருந்து கிடைத்தது.

சகோதரர்கள் இருவரையும் காப்பாற்றியிருக்கக் கூடிய மருந்து. அவர்கள் இறந்து பல ஆண்டுகள் கழித்து வந்தது.

ரத்தம் பிறக்கும் இடம்

இனி அவருடைய பெரிய காரியத்துக்கு வருவோம். அதற்கு முன், ரத்தப் புற்றுநோய் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ரத்தம் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் பிறக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பு அணுக்கள் அங்கே உண்டாகின்றன. கிருமியோடு போர் செய்யும் வெள்ளை அணுக்களும், காயத்தில் ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் அங்கேதான் பிறக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே வகைத் தாய் அணுதான்.

ஒரே தாய்க்கு எப்படி வெவ்வேறு பிள்ளைகள்? அணுவின் நடுவே மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அணுவிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். ஒரு பெரிய வீட்டில் பல விளக்குகள் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா விளக்கையும் எந்நேரமும் யாரும் எரியவிடுவதில்லை. சமையல் நேரத்தில் அடுக்களை விளக்கு. பூசை நேரத்தில் பூசை அறை விளக்கு. அதுபோலவே, வளர வேண்டிய நேரத்தில் சில மரபணுக்கள் எரியும். முதிர்ந்து வேலைக்குப் போகும் நேரத்தில் அவை அணைந்து, வேறு சில எரியும். இந்த விளக்குகளைப் போட்டு அணைக்கும் சுவிட்சுகளும் மரபணுக்களின் ஆணைப்படியே செய்யப்படுகின்றன.

தலைமை சுவிட்சே பழுதாகிவிட்டால்? பெருகு என்ற விளக்கு அணையாமல் எரியும். முதிர்ச்சி அடை என்ற விளக்கு எரியவே எரியாது. அணுக்கள் பெருகிக்கொண்டே போகும். ஆனால் ஒன்றும் முற்றாது. வயல் நிறையக் கதிர் தெரியும். அடித்துப் பார்த்தால் எல்லாம் பதர். இதுதான் ரத்தப் புற்றுநோய்.

பதர் மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் நல்ல அணுக்களுக்கு இடம் இல்லாமல் போகிறது. சிவப்பு அணு குறைந்து குழந்தை வெளுக்கிறது. தட்டணு குறைந்து ஈறில் ரத்தம் கசிகிறது. தோலில் ஊதாத் திட்டுகள் தோன்றுகின்றன. வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையில் ஏராளமாக இருந்தும் போர் செய்யத் தெரியாததால் காய்ச்சல் விடாமல் அடிக்கிறது.

வேறு இடத்துப் புற்று என்றால் கத்தியால் அறுக்கலாம், கதிரால் சுடலாம். உடல் முழுதும் ஓடும் ரத்தத்தை எங்கே அறுப்பது? எங்கே சுடுவது? 1947 வரை, இந்த நோயோடு வந்த குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்தார்கள்.

பூட்டுக்குள் பொய்ச்சாவி

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் இருந்தார். போலிக் அமிலம் ரத்தத்தை ஊறச் செய்கிறதே, ரத்தப் புற்றுநோய்க்கும் அது உதவுமா என்று பார்க்க விரும்பினார். சுப்பாராவின் கூடத்தில் இருந்து அந்த வகைச் சத்தை வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்.

விளைவு விபரீதம் ஆயிற்று. நோய் தணியவில்லை; வேகமாகப் பரவுவதையே பார்பர் கண்டார்.

ஏன்? ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், தன் மரபணுக்களுக்கு முதலில் நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்கத் தேவையான பொருளைச் செய்ய போலிக் அமிலம் வேண்டும். நல்ல அணுவுக்கும் அது தீனி. கெட்ட அணுவுக்கும் அது தீனி.

இங்கேதான் சிந்தனை திரும்பியது. தீனி கொடுத்தால் நோய் வளர்கிறது என்றால், தீனியை நிறுத்தினால் நோய் ஒடுங்க வேண்டுமே! சுப்பாராவின் குழுவினரிடம் அதற்கும் பொருள் தயாராக இருந்தது. போலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் உடைய, ஆனால் சிறு மாறுதல் செய்த பொருட்களை அவர்கள் உண்டாக்கியிருந்தார்கள். அமினோப்டெரின் அவற்றில் ஒன்று. மெத்தோட்ரெக்சேட் இன்னொன்று.

அவை பொய்ச்சாவி போன்றவை. பூட்டுக்குள் நுழையும், திறக்காது. உண்மைச் சாவியையும் உள்ளே விடாது. நகல் எடுக்க வழி இல்லாமல் கெட்ட அணு பட்டினி கிடந்து சாகும்.

1947 டிசம்பர் மாதக் கடைசியில், சாகக் கிடந்த இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பார்பர் அமினோப்டெரின் ஊசி போடத் தொடங்கினார். சில நாட்களில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இறங்கியது. வீங்கிய வயிறு வற்றியது. படுத்த படுக்கையாக இருந்த பிள்ளை எழுந்து நடந்தான். இப்படி நோய் அடங்கியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

1948 ஜூன் மாதம் பார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. அந்தச் சிறுவனும் பிழைக்கவில்லை. ஆனாலும் ஒரு கதவு திறந்துவிட்டது. கத்தியும் இல்லாமல், கதிரும் இல்லாமல், மருந்தால் ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்று உலகம் கண்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எழுப்பியது போன்ற காரியம் அது.

உறக்கத்தில் போன உயிர்

அந்த வெற்றியின் பெருமையைச் சுப்பாராவ் நெடுநாள் காணவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, 1948 ஆகஸ்டில், ஓர் இரவு உறங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. வயது 53.

சில ஆண்டுகளில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவர் 26 ஆண்டுகளாக ஊர் திரும்பவில்லை. தாய் மண்ணை மீண்டும் மிதிக்கவில்லை. சேஷகிரி அம்மாள் இங்கேயே இருந்தார். அமெரிக்கக் குடியுரிமை கேட்க 1946-ல் சட்டம் இடம் தந்தது. சுப்பாராவ் அதைக் கேட்டுப் பெறவில்லை. இந்தியராகவே இறந்தார்.

அவருடைய கூடத்தில் பிறந்தவை இவை மட்டும் அல்ல. யானைக்கால் நோயைத் தடுக்க வீடு வீடாகக் கொடுத்தார்களே ஒரு மாத்திரை, அந்த மருந்தும் 1947-ல் அங்கே வந்ததுதான். அவர் மேற்பார்வையில் டக்கர் என்ற முதிய விஞ்ஞானி மண்ணில் வாழும் நுண்ணுயிரில் இருந்து ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லியைக் கண்டார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஒரு காளானுக்கு அவர் பெயரை விஞ்ஞானிகள் வைத்தார்கள். 1995-ல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

அவருக்குப் பின்

சுப்பாராவின் காலத்தில் மரபணுவின் உருவமே தெரியாது. அது தெரிந்தது 1953-ல். கெட்ட அணுவைப் பட்டினி போட அவருக்குத் தெரிந்தது. அது ஏன் கெட்டது என்று அன்று யாருக்கும் தெரியாது.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. 1960-ல் பிலடெல்பியா நகரத்தில், ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமசோம் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். 1973-ல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி அம்மையார் காரணத்தைச் சொன்னார். 9-வது குரோமசோமும் 22-வது குரோமசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொண்டு, அணைக்க முடியாத விளக்காக எரிகின்றன. அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்கும் இமாடினிப் மாத்திரை 2001-ல் வந்தது.

இன்னொரு வகையில், முதிர்ச்சி தரும் சுவிட்சுகளை ஒரு கோணல் புரதம் பிடித்து அமுக்கி வைத்துக்கொள்கிறது. 1980-ம் ஆண்டுகளில் ஷாங்காய் டாக்டர்கள் வைட்டமின் ஏ-யில் இருந்து வரும் ஒரு பொருளைக் கொடுத்தார்கள். பிடி விட்டது. பதராக நின்ற அணுக்கள் முற்றின. கொல்லாமலே திருத்தும் வைத்தியம் அது.

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நல்ல சிகிச்சை வசதி உள்ள நாடுகளில் 100 குழந்தைகளில் 90 பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். அந்த மருந்துகளின் வரிசையில் சுப்பாராவின் மெத்தோட்ரெக்சேட் இன்றும் நிற்கிறது.

இந்த நோய் ஒட்டுவாரொட்டி அல்ல. யாருடைய பாவமும் அல்ல. குழந்தைக்குப் பல நாள் விடாத காய்ச்சல், காரணம் இல்லாத வெளுப்பு, ஈறில் ரத்தம், உடலில் ஊதாத் திட்டு, ஓயாத எலும்பு வலி இருந்தால் காலம் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். குழந்தை தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்துவது ஆபத்து. அடங்கிய நோய் திரும்பும் என்பதை அந்த முதல் 10 குழந்தைகளே காட்டினார்கள்.

மண்டகப்பட்டுப் பாறையில் மன்னன் பெயர் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் படிக்கிறார்கள். அதே ஊரில் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கும் தாய்க்கு, மூன்றாம் முறை பரீட்சை தேறிய திருவல்லிக்கேணி மாணவரின் பெயர் தெரியாது. அவள் பிள்ளை மட்டும் நல்லபடியாகப் பிறக்கிறது.